மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடர்

மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடர் என்பது வெப்பமானியால் அளந்து எழுதிவைக்கப்பட்ட வெப்பநிலைப் பதிவுகளில் உலகிலேயே நீளமானது. 1659 முதல் மாதச் சராசரிகளும் 1772 முதல் நாள் சராசரிகளும் இதில் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. வடக்கே லங்காஷர், தென்கிழக்கே லண்டன், தென்மேற்கே பிரிஸ்டல் என்ற மூன்று முனைகளுக்குள் அடங்கும், ஏறக்குறைய முக்கோணமான நிலப்பகுதியின் வெப்பநிலையை இது குறிக்கிறது. தொகுத்தவர் கார்டன் மேன்லி (1902–1980) என்ற புவியியலாளர். 1698 வரை பின்னோக்கிச் செல்லும் அட்டவணையை 1953-இலும், அதை 1659 வரை நீட்டிய அட்டவணையை 1974-இலும் வெளியிட்டார். இன்று அதைப் பேணி வருவது பிரித்தானிய வானிலை அலுவலகம். முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே இடத்தில், ஒரே கருவியில் யாரோ விடாமல் பார்த்து எழுதிய கணக்கு என்று இதை எண்ணிக்கொள்வோர் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. பல ஊர்களில், பல கருவிகளில், பல கைகள் எழுதிய துண்டுகளைத் தைத்துச் சேர்த்த ஒட்டுப்போர்வை இது. தையல் தெரிகிறது என்பதையே குறையாகச் சொல்வோரும் உண்டு. எந்தத் தையல் எங்கே, எதற்காக விழுந்தது என்று வெளிப்படையாக எழுதிவைத்திருப்பதால்தான் இந்தத் தொடரை நம்ப முடிகிறது.

தொடரின் தொடக்கக் காலத்தில் வெப்பமானியே புதுப் பொருள். பாரன்ஹீட்டின் அளவுகோல் 1724-இலும் செல்சியஸின் அளவுகோல் 1742-இலும்தான் வந்தன. அதற்கு முன் ஒவ்வொரு கருவி செய்பவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் சுழியத்தை வைத்துக்கொண்டார்கள். எழுதியவர்கள் பாதிரியார்களும் மருத்துவர்களும் நிலக்கிழார்களும். வெப்பமானியை வெயிலும் மழையும் படாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், ஆனால் அந்த இடம் எது என்பதில்தான் சிக்கல். ராயல் சொசைட்டியின் செயலாளர் ஜேம்ஸ் ஜூரின் 1723-இல் வானிலை நோக்கர்களுக்கு விடுத்த அழைப்பில், வடக்குப் பார்த்த, கணப்பில் அரிதாகவே தீ மூட்டும் அறையில் வெப்பமானியை மாட்டச் சொன்னார். அந்தக் காலத்துக்கு அது நியாயமான யோசனைதான். ஆனால் சுவருக்குள் இருக்கும் கருவி வெளிக்குளிரைத் தாமதமாகவும் மங்கலாகவும்தான் உணரும். விடியற்காலையின் கடும் உறைபனி அறைக்குள் வருவதற்குள் சூரியன் எழுந்துவிடும். ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதிப் பதிவுகள் பலவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இவை போதாதென்று நாட்காட்டிக் குழப்பம் வேறு. 1752 செப்டம்பரில் இங்கிலாந்து 11 நாட்களைத் தாண்டிக் குதித்துக் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முந்தைய மாதச் சராசரிகள் எல்லாவற்றையும் மேன்லி புதிய நாட்காட்டிக்கு நகர்த்த வேண்டியிருந்தது. 1707 முதல் 1722 வரை இங்கிலாந்தில் தகுந்த பதிவு கிடைக்காததால், கடலுக்கு அக்கரையில் உள்ள நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரப் பதிவுகளைத் துணைக்கு அழைத்தார்.

துண்டுகளைத் தைக்க அவர் கைக்கொண்ட முறை எளிமையானது, பொறுமையைத்தான் அதிகம் கேட்பது. ஓர் ஊரில் ஒருவர் எழுதிவந்த பதிவு நின்றுபோகும் முன்பே இன்னோர் ஊரில் மற்றொருவர் எழுதத் தொடங்கியிருந்தால், இரண்டும் ஒன்றாக ஓடிய ஆண்டுகள் கிடைக்கும். அந்த ஆண்டுகளில் முதல் ஊர் இரண்டாம் ஊரைவிடச் சராசரியாக அரை டிகிரி குளிர்ச்சி என்று கண்டால், பிறகு வரும் இரண்டாம் ஊர்க் கணக்கிலிருந்து அந்த அரை டிகிரியைக் கழித்தால் தொடர் அறுபடாமல் நீளும். (இங்கே டிகிரி என்பதெல்லாம் செல்சியஸ்.) இதையே மாதத்துக்கு மாதம், ஊருக்கு ஊர் செய்ய வேண்டும். ஒன்றாக ஓடிய ஆண்டுகள் குறைவாக இருந்தால் தையல் பலவீனம். அதை மேன்லி மறைக்கவில்லை. தொடக்கப் பத்தாண்டுகளின் மாத எண்களை முழு டிகிரிக்கோ அரை டிகிரிக்கோ முழுமையாக்கி எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். தசமத்துக்குப் பிறகு ஓர் இலக்கம் சேர்த்திருந்தால் அட்டவணை பார்க்க அழகாக இருந்திருக்கும், பொய்யாகவும் இருந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் (நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை) வடிவமைத்த, நாற்புறமும் சாய்சட்டங்கள் வைத்த வெள்ளை மரப்பெட்டி பரவலான பிறகு, எல்லா ஊர் வெப்பமானிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி நிழலில், ஒரே மாதிரிக் காற்றில் நின்றன.

இப்படித் தைத்த தொடரில் குளிர்காலம் தனிக் கவனத்துக்கு உரியது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ஆகிய மூன்று மாதங்களின் சராசரியைக் குளிர்காலம் என்று கொள்வது மரபு. பட்டியலில் மிகக் கடுமையானது 1683–84: சராசரி -1.2 டிகிரி. அடுத்தது 1739–40, -0.4. அதற்கு அடுத்தது நம் காலத்துக்கு வெகு அருகில், 1962–63, -0.3. தனி மாதமாகப் பார்த்தால் 1795 ஜனவரியின் -3.1-ஐ எதுவும் மிஞ்சவில்லை. மறுமுனையில் 1868–69-இன் குளிர்காலம் 6.8. ஆக, குளிர்காலங்களுக்கு இடையிலான வீச்சு 8 டிகிரி. கோடைக்காலத்தில் மிகக் குளிர்ந்த 1725-க்கும் (13.1) மிக வெம்மையான 1976-க்கும் (17.8) இடையே ஐந்து டிகிரிகூட இல்லை. காரணம் காற்று. அட்லாண்டிக்கிலிருந்து மேற்குக் காற்று வீசினால் இங்கிலாந்தின் ஜனவரி ஈரமும் மிதமுமாகக் கழியும். வடக்கில் உயரழுத்தம் குந்திக்கொண்டு அந்தக் காற்றை மறித்து, ரஷ்யச் சமவெளியின் உறைந்த காற்று கிழக்கிலிருந்து வந்தால் அதே ஜனவரி பனிக்கட்டியாகிவிடும். குளிர்காலத்தின் முகத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் திசைதான். அதனால் ஒரே ஒரு குளிர்காலத்தைக் காட்டி எதையும் நிறுவ முடியாது. நீண்ட தொடர் தேவைப்படுவதும் இதனால்தான்.

எண் இல்லாத நினைவு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குத் தேம்ஸ் நதியே சாட்சி. 1683–84 குளிர்காலத்தில் லண்டனில் நதி உறைந்து, அதன்மேல் கடைத்தெருவே முளைத்தது. கூடாரங்கள், குதிரை வண்டிகள், பனிக்கட்டியின்மேல் அச்சு இயந்திரத்தை நிறுத்தி வந்தவர் பெயரை அச்சடித்துக் கொடுத்துக் காசு பார்த்தவர்கள் என ஒரு திருவிழா. இத்தகைய உறைபனிச் சந்தை கடைசியாகக் கூடியது 1814-இல். அதற்குப் பிறகு லண்டன் நடுவே நதி அவ்வாறு உறையவில்லை, ஆகவே பழங்காலக் குளிர் திரும்பவேயில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தொடரைப் பார்த்தால் 1962–63 குளிர்காலம் 1739–40-க்குச் சமமாகவே இருந்திருக்கிறது. 1740-இல் தேம்ஸ் மேல் சந்தை கூடியது. 1963-இல் நதியின் மேல்பகுதிகள் உறைந்தனவே தவிர, லண்டன் நகர நடுவில் நீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாறியது குளிர் அல்ல, நதி. குறுகிய வளைவுகள் நிறைந்த பழைய லண்டன் பாலம் ஓட்டத்தைத் தடுத்து நீரைத் தேக்கி வைத்திருந்தது. 1831-இல் புதுப் பாலம் திறந்தபின் அது இடிக்கப்பட்டது. பின்னர் கரைகளைக் கட்டி நதியை ஒடுக்கியதும் ஓட்டம் விரைவு பெற்றது. சந்தையை வைத்துக் குளிரை அளந்தவர்கள் பாலத்தைத்தான் அளந்திருக்கிறார்கள்.

இந்தப் பாடம் எதிர்த்திசையிலும் பொருந்தும். 2010 டிசம்பர் மத்திய இங்கிலாந்தில் -0.7 டிகிரி அளவில் நின்றது. 1890-க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்த டிசம்பர் இல்லை. சாலைகளும் விமான நிலையங்களும் முடங்கின. புவி வெப்பமாதல் எங்கே போயிற்று என்ற கேள்வி அன்று எங்கும் ஒலித்தது. கேட்கத் தகாத கேள்வி அல்ல அது, பதில்தான் பொறுமையைக் கேட்கிறது. அந்த டிசம்பரைத் தொடர்ந்து ஜனவரி 3.7, பிப்ரவரி 6.4 என்று வந்து, மூன்று மாதச் சராசரி 3.1-இல் முடிந்தது. சற்றே குளிர்ந்த, வரலாற்றில் யாரும் நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லாத குளிர்காலம். சராசரி 2 டிகிரிக்குக் கீழே இறங்கிய குளிர்காலங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலமுறை வந்தன. இருபதாம் நூற்றாண்டில் 1917, 1929, 1940, 1947, 1963, 1979 ஆகிய ஆண்டுகளில் முடிந்தவை அத்தகையவை. 1979-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. 1961–1990 முப்பதாண்டுகளில் சுமார் 4.1 டிகிரியாக இருந்த குளிர்காலச் சராசரி, 1991–2020-இல் நாலரையைத் தாண்டிவிட்டது. மிக மிதமான குளிர்காலம் இன்றும் 1868–69 தானே என்று மடக்கலாம். உண்மைதான், 2015–16 அதை மயிரிழையில்தான் தவறவிட்டது. ஆனால் 1869-இன் சிகரத்தைச் சுற்றி இருந்தவை பள்ளங்கள். இன்றைய சிகரங்களோ உயர்ந்துவிட்ட மேட்டின்மேல் நிற்கின்றன.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு, அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 1690-களின் கடுங்குளிரிலிருந்து 1730-களின் மிதம்வரை இந்தத் தொடர் செங்குத்தாக ஏறுகிறது. அப்போது நிலக்கரிப் புகையால் காற்று மாறியிருக்கவில்லை. அன்று இயற்கையாக நடந்தது இன்றும் ஏன் நடந்திருக்கக் கூடாது? பதிலின் ஒரு பாதி தையலில் இருக்கிறது. அந்த ஏற்றம் விழுவது சரியாகத் தொடரின் பலவீனமான பகுதியில்: உட்ரெக்ட்டிலிருந்து கடன் வாங்கிய ஆண்டுகள், அறைக்குள் மாட்டிய வெப்பமானிகள். மறுபாதி காற்றுத் திசையில் இருக்கிறது. சிறு நிலப்பரப்பின் வெப்பநிலை, வீசும் காற்று மாறினாலே இருபது, முப்பது ஆண்டுகளுக்கு ஏறி இறங்கும். அந்த ஏற்றமும் நிலைக்கவில்லை. 1740-இல் ஒரே ஆண்டில் சரிந்து, தொடர் முழுவதிலும் மிகக் குளிர்ந்த ஆண்டாக, 6.8 டிகிரியில் விழுந்தது. இன்றைய ஏற்றம் அப்படிச் சரியவில்லை. 2022-இல் ஆண்டுச் சராசரி முதன்முறையாக 11 டிகிரியைக் கடந்தது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தொடரைத் தனியே வைத்துக்கொண்டு வெப்பமாதலின் காரணத்தைச் சொல்ல முடியாது. என்ன நடந்தது என்பது வரைதான் அதன் வேலை. ஏன் என்பதற்கு வளிமண்டல இயற்பியலிடம் போக வேண்டும்.

திருத்திய எண்களை எப்படி நம்புவது என்பது மூன்றாவது மறுப்பு, அடிக்கடி கேட்பதும் இதுதான். திருத்தங்கள் எந்தத் திசையில் போகின்றன என்று பார்த்தாலே ஐயம் பாதி கரையும். நகரங்கள் தம் சுற்றுப்புறத்தைவிட வெம்மையானவை. லண்டனுக்கு இதை 1818–1820-இல் வெளிவந்த தம் நூலில் லூக் ஹோவர்ட் எண்களோடு காட்டிவிட்டார். நிலையங்களைச் சுற்றிக் கட்டடங்கள் பெருகுவதால் வரும் போலி வெப்பத்தை நீக்க, 1974 முதலான எண்களில் நகரத் தாக்கத்துக்கெனச் சிறு கழிவு செய்யப்படுகிறது. அது 0.2 டிகிரி வரை போகிறது. வெப்பத்தை மிகைப்படுத்த நினைப்பவர் அண்மைக் கால எண்களைக் குறைக்கமாட்டார். இந்தச் சிக்கல் நமக்கும் அந்நியமானதல்ல. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் அமைத்தபோது அதைச் சுற்றி இருந்தவை தோப்பும் தோட்டமும். இன்று அது நகரத்தின் நடு. சென்னையின் அன்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் திருத்தாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உலகின் வெப்பமும் ஊரின் கான்கிரீட்டும் கலந்தே தெரியும்.

ஒரே இடத்தின் கணக்கு உலகத்துக்குச் சாட்சியாகுமா என்ற ஐயத்துக்கு, வேறு இடங்களின் கணக்குகளோடு ஒத்துப்பார்ப்பதே விடை. ஜப்பானின் சுவா ஏரி உறைந்த நாளை ஆலயப் பூசகர்கள் 1443 முதல் குறித்து வருகிறார்கள். வெப்பமானி கிடையாது, ஏரி உறைந்ததா, பனிக்கட்டி முகடு எழுந்ததா என்பதுதான் குறிப்பு. பாலம் கட்டி மாற்றிய தேம்ஸைப் போலன்றி, ஒரே ஏரியை ஒரே விதமாகப் பார்த்து எழுதிய குறிப்பு என்பதால் இதற்கு மதிப்பு. முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாமல் போனது மூன்றே முறை. 1955 முதல் 2004 வரையான ஐம்பது ஆண்டுகளில் 12 முறை, அதற்கடுத்த பத்தாண்டுகளில் 5 முறை. பின்லாந்து–சுவீடன் எல்லையிலுள்ள டோர்னே ஆற்றில் வசந்தத்தில் பனி உடையும் நாள் 1693 முதல் பதிவாகிறது. அதுவும் முன்னோக்கி நகர்ந்திருக்கிறது. ஒன்றையொன்று அறியாத மூன்று கணக்குப்புத்தகங்கள், முற்றிலும் வேறான அளவைகளால், ஒரே பக்கம் சாய்கின்றன.

தையல் வேலை இன்னும் நிற்கவில்லை. இன்று தொடருக்கு எண் தருபவை மூன்று நிலையங்கள். 2004 நவம்பரில் மான்செஸ்டர் விமான நிலையத்தை ஒட்டிய ரிங்வே நிலையத்தின் இடத்தை, லங்காஷர் கிராமப்புறத்தில் சேசு சபைப் பள்ளி வளாகமான ஸ்டோனிஹர்ஸ்ட் எடுத்துக்கொண்டது. பிறகு மால்வெர்னுக்குப் பதில் பெர்ஷோர் வந்தது. மூன்றாவதான ராத்தம்ஸ்டெட், 1843-இல் தொடங்கிய வேளாண் ஆய்வு நிலையம், தன் இடத்திலேயே நிற்கிறது. இந்த மூன்றிலிருந்தும் வரும் எண்களை வானிலை அலுவலகம் நாள்தோறும் வெளியிடுகிறது. நடப்பு மாதத்து எண்களுக்குத் தற்காலிகமானவை என்ற குறிப்பு உண்டு. மாதம் முடிந்து சரிபார்த்த பிறகே அவை 1659-இல் தொடங்கிய அந்தப் பட்டியலின் கடைசி வரியில் ஏறுகின்றன.