தெளிநீரும் கேராப் பாசிகளும்: வேலுவமேர் ஏரியின் மீட்சி வரலாறு

முன்னுரை

நீர்த்தாவரங்கள் நன்னீர் ஏரிகளைத் தூய்மைப்படுத்துகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆயினும், ஏரி தெளிந்தமையால் தாவரங்கள் வளர்ந்தனவா, தாவரங்கள் வளர்ந்தமையால் ஏரி தெளிந்ததா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. நெதர்லாந்து நாட்டின் வேலுவமேர் ஏரியின் ஏறத்தாழ நாற்பதாண்டு வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏரியின் தோற்றமும் சீர்கேடும்

சௌடர்சே என்னும் கடற்பகுதி 1932இல் பேரணையால் அடைக்கப்பட்டு, நாளடைவில் நன்னீர் ஏரியாயிற்று. அதன் ஒரு பகுதியில் நீரை இறைத்துக் கிழக்கு ஃபிளேவோலாந்து நிலப்பரப்பு 1957இல் மீட்கப்பட்டது. அப்புதுநிலத்திற்கும் பழைய கரைக்கும் இடையே எஞ்சிய நீர்ப்பரப்பே வேலுவமேர். இதன் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டரே. ஆதலால் தரைவரை ஒளி எட்டியது; தொடக்க ஆண்டுகளில் கேராப் பாசிகள் செழித்தன. இவை மிதவைப் பாசிகள் அல்ல. தாவரம்போல் கிளைத்து, வேர் போன்ற இழைகளால் ஏரித்தரையில் ஊன்றி வளர்பவை.

1960களின் பிற்பகுதியில் கழிவுநீர்வழி வந்த பாஸ்பரஸ் ஏரியில் மிகுந்தது. நீலப்பச்சைப் பாசிகள் பெருகி ஒளியை மறைத்தன. கேராப் படுகைகள் பெரும்பாலும் அழிந்தன.

ஊட்டக் குறைப்பும் அதன் எல்லையும்

ஹார்டர்வைக் நகரின் கழிவுநீரிலிருந்து பாஸ்பரசை நீக்கும் பணி 1979இல் தொடங்கியது. பாஸ்பரஸ் குறைந்த நீரைக் குளிர்காலத்தில் செலுத்தி ஏரி அலசவும் பட்டது. பாஸ்பரசும் பாசியும் வெகுவாகக் குறைந்தன. எனினும், பத்தாண்டுக்கு மேலாகியும் ஏரி முழுமையாகத் தெளியவில்லை. காற்றலையும், இரைதேடித் தரையைக் கிளறும் பிரீம் மீன்களும் வண்டலை ஓயாது கலக்கியமை இதற்கு முதன்மைக் காரணமாகும்.

கேராவின் மீள்வரவு

1990களில் ஆழம் குறைந்த கரையோரங்களில் கேரா மீண்டும் பரவியது. அப்போது ஏரியின் நடுப்பகுதி கலங்கியிருந்தும், கேராப் படுகைகளின் மேலுள்ள நீர் மட்டும் தெளிந்திருந்தது. ஒரே ஏரியில், ஒரே காலத்தில் காணப்பட்ட இவ்வேறுபாடு, தெளிவில் தாவரத்திற்குள்ள பங்கைக் காட்டும் வலுவான சான்றாகும். அடர்ந்த கேரா அலையின் வேகத்தைத் தணித்து வண்டலைப் படியச் செய்கிறது. ஊட்டங்களை ஈர்த்து மிதவைப் பாசிகளோடு போட்டியிடுகிறது. பிரீம் மீன்கள் பெருமளவில் பிடிக்கப்பட்டமையும், நீரை வடிகட்டும் வரிக்குதிரைச் சிப்பிகள் மீண்டும் பெருகியமையும் இம்மாற்றத்திற்குத் துணைநின்றன. 1990களின் இடைப்பகுதியில் ஏரி பரவலாகத் தெளிந்தது.

கேரா மறைந்தபோதிருந்த பாஸ்பரஸ் அளவிற்கு ஏரி திரும்பியது மட்டும் அதன் மீட்சிக்குப் போதவில்லை. அளவு மேலும் தாழ வேண்டியிருந்தது. ஆழமற்ற ஏரிகளுக்குத் தெளிநிலை, கலங்கல்நிலை என இரு நிலைபேறுகள் உண்டு என மார்ட்டன் ஷெஃபர் முதலானோர் 1993இல் விளக்கிய கோட்பாட்டோடு இது பொருந்துகிறது.

முடிவுரை

தெளிநீர் தாவரத்தை வளர்க்கிறது. தாவரம் தெளிவைக் காக்கிறது. எனவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவின் இரு பகுதிகளும் உண்மையே. ஊட்டக் குறைப்பு இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதாது. நீர்மேல் மிதந்து ஒளியை மறைக்கும் ஆகாயத்தாமரை போன்றவற்றுக்கு இம்முடிவு பொருந்தாது. ஏரித்தரையில் ஊன்றி நீருள் வளரும் தாவரங்களை இழந்த ஆழமற்ற ஏரியில், அவை மீளும் சூழலை உருவாக்குவதும் மீட்புப் பணியின் பகுதியாதல் வேண்டும் என்பதே வேலுவமேர் தரும் படிப்பினையாகும்.