அடிக்கோல் அளவில் ஒரு பழைய விமானம்

பினாங்குக் கொடிமலையின் அடிவாரத்திலுள்ள ஆயர் ஈத்தாம் பிள்ளைகளுக்கு விமானம் புதுமையான பொருளன்று. பாயான் லெப்பாஸில் இறங்கும் விமானங்களைப் பார்த்தே அவர்கள் வளர்கிறார்கள். ஆனால் 1937-ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த விமானம் எப்படி இருந்தது, அதற்குள் எத்தனை பேர் அமர்ந்தார்கள் என்று கேட்டால் பெரியவர்களும் சற்றே தயங்குவார்கள். அந்த விமானத்தை அட்டையாலும் மரத்துண்டுகளாலும் செய்து, உள்ளே விளக்கேற்றிப் பார்ப்பது நல்ல வரலாற்றுப் பாடம் என்பது எங்கள் கருத்து.

பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935-இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில், இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் 'டொராடோ' என்னும் விமானம் பினாங்கிலிருந்து ஹாங்காங்கிற்குப் பறந்தது. அதில் சென்ற பயணி ஒரே ஒருவர்தாம்! அக்காலத்து விமானத்திற்குத் தபால் மூட்டைதான் முதன்மை, மனிதர் அடுத்தபடிதான். இந்தியாவிலும் அவ்வாறே. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்த சிறு விமானம் தபாலையே சுமந்து வந்தது. அத்தபால் பிறகு சென்னைவரை பறந்தது.

மலாயா நகரங்களை இணைத்த முறையான சேவையை 1937 ஜூன் 28-இல் வேர்ன்ஸ் ஏர் சர்வீசஸ் தொடங்கியது. சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு என்பது அதன் வழி. ஓடிய விமானம் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் 'டிராகன் ராப்பிட்'. மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. கீழிறக்கையில் இரண்டு எஞ்சின்கள். மெல்லிய பலகையும் துணியும் போர்த்திய உடல். மூக்கில் விமானி தனியாக உட்காருவார். அவருக்குப் பின்னால் எட்டுப் பயணிகள்வரை அமரலாம். மணிக்கு ஏறக்குறைய 130 மைல் வேகம். கோலாலம்பூரிலிருந்து நேராகப் பறந்தால் ஒன்றரை மணி நேரத்தில் பினாங்கு வந்துவிடும்.

இனி அளவுக்கு வருவோம். அதன் இறக்கை நுனிக்கு நுனி 48 அடி. நீளம் 34½ அடி. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்கிட்டால் இறக்கை சரியாக 12 அங்குலம் வரும். அதாவது, பள்ளிப் பையிலுள்ள அடிக்கோல் எவ்வளவோ அவ்வளவு! நீளம் 8⅝ அங்குலம். பின்னக் கணக்கைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளைகூட இந்தக் கணக்கை விரும்பிப் போடும். உடல் ஏறக்குறைய பெட்டி வடிவானது. ஆகவே கெட்டி அட்டையே போதும்.

விளக்கு வைப்பதில்தான் கவனம் வேண்டும். அட்டை வெளிச்சத்தை வெளியே விடும். சன்னல் மட்டும் ஒளிர வேண்டுமானால், உட்புறத்தில் முதலில் கறுப்புச் சாயமும், காய்ந்தபின் அதன்மேல் வெள்ளையும் பூச வேண்டும். முற்காலத்து டார்ச் பல்பு சூடேறி கோந்தை இளக்கிவிடும். இப்போது கிடைக்கும் எல்.இ.டி. விளக்குக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. மூன்று பென்சில் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 4.5 வோல்ட். ஒவ்வொரு வெள்ளை விளக்குக்கும் 100 ஓம் தடையம் ஒன்றைச் சேர்த்து, விளக்குகளைப் பக்க இணைப்பாக இணைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றவை எரியும். பேட்டரிகள் இவ்வுடலுக்குள் அடங்கா. அவற்றை அடிப்பலகைக்குள் வைத்துவிடலாம். இவ்விமானத்தின் சக்கரங்களுக்குக் காற்சட்டை போட்டதுபோல் தடித்த உறை உண்டு. கம்பியை அதன் வழியாக ஏற்றி, கீழிறக்கைக்குள் கொண்டு சென்றால் கண்ணில் படாது.

விளக்கை ஏற்றியதும் இருக்கைகள் தெரியும். பக்கத்திற்கு ஒன்றாக, நடுவில் நடைவழி விட்டு, எட்டே இருக்கைகள். "நம்ம தாத்தா பாட்டி இதுலயா வந்தாங்க, சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாங்கள் எதிர்பார்ப்பதும் அந்தக் கேள்வியைத்தான்.

இதில் அவர்கள் வரவில்லை. அந்நாளில் தோட்டத்தில் ஓர் ஆணின் நாட்கூலி 50 காசு அளவிலேயே இருந்தது. பெண்ணுக்கு அதிலும் குறைவு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, கடலில் ஏறக்குறைய ஒரு வாரம் கிடந்து, பினாங்குக்கு வந்து, ஜெரேஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் தங்கிய பிறகே அவர்கள் தோட்டம் போய்ச் சேர்ந்தார்கள். விமானம் அவர்களுக்குச் செய்த உதவி கடிதமாகத்தான் வந்தது. அதுவும் பின்னாளில், நீலநிற வான்கடிதத் தாள் வந்தபோதுதான். விமானத்தை மட்டும் அழகாகச் செய்து அலமாரியில் வைத்துவிட்டால் நம் பிள்ளைகளுக்குப் பாதி வரலாறுதான் கிடைக்கும்.

வேர்ன்ஸ் சேவை நெடுநாள் நீடிக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் போர் வந்தது. அம்மாதம் 11-ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. போருக்குப் பின் 1947-இல் மலாயன் ஏர்வேஸ் தன் சிறிய 'கான்சல்' விமானங்களுடன் இதே நகரங்களுக்குப் பறக்கத் தொடங்கியது. அவற்றிலும் ஐந்தாறு பேர்தாம்.

கப்பலுக்கு வருவோம். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா'வை அறியாத தோட்டக் குடும்பம் குறைவு. தொடக்கத்தில் அதன் தளத்தில் 5,000-க்கும் மேற்பட்டோரை ஏற்ற அனுமதி இருந்தது. 1970-களின் தொடக்கம்வரை அது ஓடியது. அதன் நீளம் 400 அடிக்கும் மேல். அதே கால் அங்குலக் கணக்கில் அதைச் செய்தால் எட்டு அடியைத் தாண்டும். வகுப்பு மேசை போதாது. ஆகவே அதைப் பள்ளித் தாழ்வாரத்துச் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து, மேல்தளம் இருக்கும் இடத்தில் ஒளிரும் விமானத்தை வைத்துப் பார்க்கலாம். கோட்டுக்குள் உட்காருவதற்குப் பிள்ளைகளை அழைக்க வேண்டியதே இல்லை. தாமாகவே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.