ஐந்தே ஆண்டுகள் வாழ்ந்த குடியரசு

தென் அமெரிக்க விடுதலை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் சைமன் பொலிவார். ஆனால் அவர் பெரும் வெற்றிகள் பெறுவதற்கு முன்பே, இன்றைய கொலம்பியாவில் ஒரு கூட்டாட்சிக் குடியரசு தோன்றி மறைந்துவிட்டது. அதன் பெயர் நியூ கிரனாடா ஐக்கிய மாகாணங்கள்.

1808-ல் நெப்போலியன் ஸ்பெயின் மன்னர் ஏழாம் பெர்டினாண்டைச் சிறைப்பிடித்தார். மன்னர் இல்லாதபோது ஆள்வது யார்? 1810 ஜூலை 20 அன்று பொகோட்டா மக்கள் கிளர்ந்தெழுந்து தங்களுக்கென ஆட்சிக்குழு அமைத்தார்கள். மற்ற நகரங்களிலும் இதே கதைதான். 1811 நவம்பர் 27 அன்று கார்த்தஹேனா, துன்ஹா, ஆந்தியோக்கியா, பம்ப்லோனா, நெய்வா ஆகிய 5 மாகாணங்கள் கூட்டாட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

தலைநகர் பொகோட்டா இருந்த குண்டினமார்கா சேர மறுத்தது. அங்கிருந்துதான் சிக்கல் தொடங்கியது. அமெரிக்காவைப் போல மாகாணங்களுக்குத் தன்னாட்சி வேண்டும் என்றார் கமிலோ டோரஸ். ஸ்பெயினை எதிர்க்க வலுவான ஒரே மைய அரசு வேண்டும் என்றார் குண்டினமார்காவின் தலைவர் அன்டோனியோ நரிஞோ. பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமைப் பிரகடனத்தை மொழிபெயர்த்ததற்காகச் சிறை சென்றவர் இவர். இருவருமே தேசபக்தர்கள்தான். ஆனாலும் வாதம் போராக மாறியது. 1812 டிசம்பரில் வெண்டகெமாடாவில் கூட்டாட்சிப் படை வென்றது. அடுத்த மாதமே பொகோட்டாவைத் தாக்கித் தோற்றது.

1814-ல் தெற்கே ஸ்பெயின் ஆதரவாளர்களுடன் போரிடச் சென்ற நரிஞோ பாஸ்தோவில் பிடிபட்டார். அதே ஆண்டு டிசம்பரில் கூட்டாட்சிக்காகப் பொலிவார் பொகோட்டாவைப் பிடித்தார். ஒருவழியாக ஒற்றுமை வந்தது, ஆனால் காலம் கடந்து! பெர்டினாண்ட் மீண்டும் அரியணை ஏறியிருந்தார். 1815-ல் தளபதி பாப்லோ மொரில்லோ சுமார் 10,000 வீரர்களுடன் வந்து இறங்கினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், கார்த்தஹேனா தலைவர்களோடு பகைத்துக்கொண்ட பொலிவார் அந்நகரையே முற்றுகையிட்டிருந்தார்! பின்னர் அவர் ஜமைக்கா போய்விட்டார். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த மொரில்லோவின் முற்றுகையில் பசியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். டிசம்பரில் நகரம் வீழ்ந்தது. 1816 மே மாதம் பொகோட்டாவும் வீழ்ந்தது. டோரஸும் அறிவியலாளர் கால்தாஸும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இக்காலத்தைக் கொலம்பியர்கள் 'முட்டாள் தாயகம்' என்று அழைக்கிறார்கள். கூட்டாட்சிதான் வீழ்ச்சிக்குக் காரணம் என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் பின்னாளில் பொலிவார் வலுவான மைய அரசோடு உருவாக்கிய மாபெரும் கொலம்பியாவும் 1831-க்குள் உடைந்து போனது. ஆக, ஆட்சி முறையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டை எப்படிப் பிரிப்பது என்று அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டிருந்தபோது, பழைய எஜமான் வாசலுக்கே வந்துவிட்டான்.