பத்தர் பார்ப்பது எடையை

பொற்காசு ஒன்று அகப்பட்டால் நகைசெய்யும் பத்தர் அதன் எடையைப் பார்க்கிறார். சரித்திர ஆராய்ச்சிக்காரர் அதிலுள்ள முகத்தைப் பார்க்கிறார். இவ்விருவரில் யார் கைக்கு முதலில் போகிறது என்பதே அந்தக் காசின் தலைவிதி.

1847-ல் மலபாரில், கண்ணனூரை அடுத்த கோட்டயத்தில், ரோமானியப் பொற்காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. ஐந்து கூலியாட்கள் சுமக்கும் அளவு இருந்ததாம். மாற்றுக் குறையாத தங்கம், கேட்க வேண்டுமா? பல காசுகள் உலைக்கே போய்ச் சேர்ந்தன. டைபீரியஸும் நீரோவும் யார் யார் கழுத்தில் சங்கிலியாகத் தொங்கினார்களோ!

புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 1898-ல் கிடைத்த 501 பொற்காசுகள் பாக்கியம் செய்தவை. பிரிட்டிஷ் மியூஸியத்தைச் சேர்ந்த ஹில் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் தலைமீதே ஒரு வெட்டு! பொன்னைச் சோதித்த வெட்டா? அதற்கு ஓரத்தில் ஒரு கீறல் போதுமே. 'இனி இது நாணயமன்று, வெறும் பொன்' என்று காட்டவே வெட்டினார்கள் என்பது அறிஞர் சிலரின் கருத்து.

ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா விழுங்குகிறதென்று ரோமாபுரியில் பிளினி அங்கலாய்த்தார் அல்லவா? அவருடைய சக்கரவர்த்திகளுக்கு இங்கே நேர்ந்த மரியாதை இது!

தனிக் காசில் அந்த வெட்டு வெறும் பழுது. நூற்றுக்கணக்கான காசுகளில் சேர்ந்து தெரியும்போதுதான் அது சாட்சி. ஆகையால் நேயர்களே, கொல்லையில் மண்வெட்டிக்குப் பானை தட்டுப்பட்டால் பத்தரிடம் ஓடாதீர்கள். கலெக்டருக்குச் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.