பியர் வகைகளும் ஊர்த் தண்ணீரும்

உலகில் மிக அதிக அளவில் அருந்தப்படும் மதுபானம் பியர் ஆகும். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, அனலில் உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு அதன் இனிப்பை இறக்குவார்கள். அந்தச் சாற்றில் ஹாப் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் இட்டு நொதிக்கவிட்டால் கிடைப்பது பியர். சாராயத்தைப் போல இது காய்ச்சி வடிக்கப்படுவதில்லை. பியர் ஆலையை 'வடிப்பாலை' என்று தமிழில் சிலர் எழுதுவது பொருந்தாத வழக்கு.

கறுப்பு, பழுப்பு, பொன் நிறம், கசப்பு மிகுந்தது, இனிப்பு தங்கியது எனப் பியரில் பல வகைகள் உண்டு. இன்று ஒருவர் கடைக்குப் போய் இவற்றில் ஒன்றைத் தம் விருப்பம் என்று எடுக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலைமை அப்படி இல்லை. லண்டன்காரர் கறுப்பு பியரை விரும்பினார், மியூனிக்காரர் பழுப்பு பியரை விரும்பினார், இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்தார் வெளிறிய கசப்பு பியரை விரும்பினார்கள். இந்த விருப்பங்களுக்குப் பின்னால் இருந்தவற்றுள் முக்கியமானது அந்தந்த ஊரின் தண்ணீர்.

தண்ணீரின் வேலை

பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். திருநெல்வேலி அல்வாவின் சுவைக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்று சொல்வதுண்டு. அல்வாவைப் பற்றி எப்படியோ, பியரைப் பொறுத்தவரை இது வேதியியல் சான்றுள்ள உண்மை.

பார்லியை வெந்நீரில் ஊறப்போடும்போது அதிலுள்ள மாவுச்சத்தைச் சில நொதிகள் சர்க்கரையாக மாற்றுகின்றன. இந்த வேலை நன்றாக நடக்க, கலவையில் சிறிதளவு அமிலத்தன்மை வேண்டும். பி.எச். அளவு 5.2 முதல் 5.6 வரை இருப்பது ஏற்றது. சுண்ணப்பாறைப் பகுதிகளின் நிலத்தடி நீரில் பைகார்பனேட் மிகுதி. அது அமிலத்தை முறித்துவிடும். அத்தகைய நீரில் வெளிறிய மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு மால்ட் என்று பெயர்) ஊறப்போட்டால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கி, குடிக்க முடியாத பானமாகிவிடும். ஆனால் நன்கு வறுத்த கரிய மால்ட் இயல்பாகவே அமிலத்தன்மை உடையது. அதைச் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடுகிறது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று நம் வீட்டுப் பெண்கள் வேறு குடத்தைத் தேடுவது போல, சுண்ண நீர் வாய்த்த ஊர்களின் பியர்க்காரர்கள் கரிய மால்ட்டைத் தேடினார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. பி.எச். என்ற அளவுகோலே 1909இல்தான் வந்தது. எது நன்றாக வந்ததோ அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். ஊர் மக்களும் அதையே நல்ல பியர் என்று பழகினார்கள்.

லண்டனின் கறுப்பு

லண்டன் சுண்ணப்பாறைப் படுகையின் மேல் அமைந்த நகரம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு உருவான போர்ட்டர் என்னும் கரும்பழுப்பு பியர், துறைமுகத்திலும் சந்தைகளிலும் மூட்டை சுமந்த போர்ட்டர்களால் விரும்பப்பட்டு அவர்கள் பெயரையே பெற்றது. பெரிய மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்தப்பட்ட இந்தப் பியர், தொழிற்புரட்சிக் காலத்தில் ஆலை முறையில் பெருமளவு செய்யப்பட்ட முதல் பியர்களில் ஒன்று. ஆலைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு வீடு உயரத்துக்குத் தொட்டிகள் கட்டின. 1814 அக்டோபர் 17 அன்று லண்டனின் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையருகே இருந்த மியூ நிறுவன ஆலையில் அப்படிப்பட்ட தொட்டி ஒன்று உடைந்தது. பியர் வெள்ளமாகப் பாய்ந்து, பின்புறத்துச் சேரியில் 8 பேர் இறந்தனர். இறந்தவர்கள் அனைவரும் பெண்களும் குழந்தைகளுமே.

போர்ட்டரின் கதையில் இன்னொரு செய்தி கவனிக்கத்தக்கது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திரவ அடர்த்திமானி ஆலைகளுக்கு வந்தது. அதை வைத்து அளந்து பார்த்தபோது, மலிவு என்று நினைத்து வாங்கிய பழுப்பு மால்ட்டைவிட வெளிறிய மால்ட்டில் அதிகச் சர்க்கரை இறங்குவது தெரிந்தது. காசுக்கணக்குப் பார்த்த முதலாளிகள் வெளிறிய மால்ட்டுக்கு மாறினார்கள். ஆனால் வாடிக்கையாளர் கறுப்பைத்தான் கேட்டார். 1817இல் டேனியல் வீலர் என்பவர் காப்பிக்கொட்டை வறுப்பது போல உருளையில் மால்ட்டைக் கருக வறுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் கரிய மால்ட்டைச் சிறிதளவு சேர்த்தால் போதும், நிறம் வந்துவிடும். செய்முறை மாறியபின்னும், பழகிய கண்ணுக்காக நிறம் அப்படியே காப்பாற்றப்பட்டது. இந்தக் கருவறுவலின் சுவையே பின்னர் போர்ட்டரின் வலுத்த வடிவமான ஸ்டவுட்டுக்கு அடையாளமாயிற்று.

பர்ட்டனும் இந்தியக் கப்பல்களும்

வெளிறிய மால்ட் என்பதே முதலில் எளிதாகக் கிடைத்த பொருள் அன்று. விறகில் உலர்த்தினால் புகையும் நிறமும் ஏறிவிடும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் கோக் என்னும் புகையில்லாத கல்கரியைப் பயன்படுத்தத் தொடங்கியபின்தான் சீரான வெளிறிய மால்ட் கிடைத்தது. அதிலிருந்து பிறந்தது பேல் ஏல்.

லண்டன் கிழக்கில் இருந்த ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைக்கு அருகில் இருந்தது. அங்கிருந்து பேல் ஏல் பீப்பாய்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களுக்கு வந்தன. பயணம் 4 முதல் 6 மாதங்கள் ஆகும். இந்தியாவுக்கு வரும் வழியில் கெடாதிருக்கவே ஹாட்ஜ்சன் இந்தப் பியரைக் கண்டுபிடித்தார் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. போர்ட்டரும் அதே கப்பல்களில் கெடாமல் வந்து சேர்ந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் பெரிதும் குடித்தது அதைத்தான். வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியரில் ஹாப்பைக் கூட்டிப் போடவேண்டும் என்பதும் ஆலைக்காரர்களுக்கு முன்பே தெரிந்த வழக்கம். அதிகாரிகளும் வணிகர்களும் விரும்பியது பேல் ஏல் என்பதே வேறுபாடு.

1820களின் தொடக்கத்தில் ரஷ்யாவின் சுங்கவரியால் பர்ட்டன் நகர ஆலைகளின் பால்டிக் வணிகம் நொடித்தது. பிழைக்க வழி தேடிய அந்நகரின் ஆல்சாப் நிறுவனம், கம்பெனி இயக்குநர் ஒருவரின் தூண்டுதலால் ஹாட்ஜ்சன் பியரைப் போன்ற ஒன்றைச் செய்து பார்த்தது. அது மூலத்தைவிட நன்றாக அமைந்தது. காரணம் மீண்டும் தண்ணீர். பர்ட்டன் கிணறுகளில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், கரைந்திருந்தது. கால்சியம் கலவையின் அமிலத்தன்மையைச் சரிப்படுத்தியது. சல்பேட் ஹாப்பின் கசப்பைக் கூர்மையாக்கியது. பர்ட்டனின் பாஸ் நிறுவனம் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. அதன் சிவப்பு முக்கோணமே பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னம். பாரிஸ் ஓவியர் மனே 1882இல் வரைந்த மதுக்கூட ஓவியத்திலும் அந்த முக்கோணப் புட்டிகள் இருக்கின்றன.

பில்சன் நகரில் கொட்டப்பட்ட பீப்பாய்கள்

இன்று செக் நாட்டில் உள்ள பில்சன் நகரம் 1295இல் நிறுவப்பட்டது. அங்கு வீடு வைத்திருந்த குடிகளுக்குப் பியர் செய்து விற்கும் உரிமை இருந்தது. ஆளுக்கொரு விதமாகச் செய்ததால் தரம் நிலைக்கவில்லை. 1838இல் நகர மன்றத்தின் முன், குடிக்கத் தகாதது என்று 36 பீப்பாய்ப் பியர் வெளிப்படையாகக் கொட்டப்பட்டது. வெளியூர்ப் பியர் நகருக்குள் வந்துகொண்டிருந்த நேரம் அது. தங்கள் உரிமை பெயரளவுக்கு மட்டும் மிஞ்சும் என்று அஞ்சிய குடிகள், எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆலை கட்ட முடிவு செய்தனர். பவேரியாவிலிருந்து யோசெப் குரோல் என்னும் இளைஞர் ஆலைப் பொறுப்பாளராக வரவழைக்கப்பட்டார்.

பவேரியாவில் குளிர்ந்த பாதாள அறைகளில் மெதுவாக நொதிக்கவைத்து, நெடுநாள் கிடத்திவைக்கும் லாகர் முறை பழக்கத்தில் இருந்தது. வெளிறிய மால்ட் செய்யும் நுட்பமோ இங்கிலாந்தில் இருந்தது. மியூனிக்கின் கபிரியேல் செடல்மாயரும் வியன்னாவின் அன்டோன் டிரேயரும் 1833இல் இங்கிலாந்து ஆலைகளைச் சுற்றிப் பார்த்தபோது, உள்ளே துளையிட்ட கைத்தடி ஒன்றில் இரகசியமாக மாதிரி எடுத்து வந்து அறையில் வைத்துச் சோதித்தார்கள். சொல்லப்போனால் திருட்டுதான். ஆயினும் அந்த அறிவு ஐரோப்பாவின் நடுப்பகுதிக்கு வந்து சேர்ந்தது அத்தகைய பயணங்களால்தான்.

குரோல் 1842 அக்டோபர் 5 அன்று தம் முதல் பியரைக் காய்ச்சினார். ஆங்கில முறை உலையில் உலர்த்திய வெளிறிய மால்ட், அருகிலுள்ள ஜாட்டெட்ஸ் பகுதியின் மணமுள்ள ஹாப், பவேரிய ஈஸ்ட் ஆகிய மூன்றும் வேறெங்கும் சேர்க்கக்கூடியவையே. நான்காவதான பில்சன் தண்ணீர் அப்படியன்று. உப்புகள் ஏறக்குறைய இல்லாத மென்னீர் அது. பைகார்பனேட் தடை இல்லாததால் வெளிறிய மால்ட் மட்டுமே போதுமானதாக இருந்தது. சல்பேட் இல்லாததால் ஹாப்பின் கசப்பு நாவை அறுக்கவில்லை. நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளில் மக்கள் முன் வைக்கப்பட்ட அந்தப் பியர் பொன் நிறத்தில் தெளிந்திருந்தது. மண் குவளையிலும் உலோகக் குவளையிலும் குடித்தபோது நிறத்தை யாரும் பார்த்ததில்லை. அக்காலத்தில் கண்ணாடிக் குவளைகள் மலிந்து வந்ததும் இந்தப் பியருக்கு வாய்ப்பாயிற்று.

குரோலின் ஒப்பந்தம் 1845இல் முடிந்தது. அவர் ஊர் திரும்பிவிட்டார். பியர் இரயிலேறிவிட்டது.

ஒரே சுவையின் ஆட்சி

அடுத்த அரை நூற்றாண்டில் பில்சனின் சுவை உலகின் சுவையாக மாறியதற்கு இரு கண்டுபிடிப்புகள் துணை நின்றன. 1870களில் கார்ல் ஃபான் லிண்டே உருவாக்கிய குளிரூட்டும் இயந்திரத்தால், பாதாள அறையும் குளிர்காலப் பனிக்கட்டியும் இல்லாமலே லாகர் செய்ய முடிந்தது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பைப் பெற்றார். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஒரே சுவை வரும் என்ற உறுதி கிடைத்தது. தண்ணீரின் உப்புகளைக் கூட்டவும் நீக்கவும் வேதியியலாளர்கள் கற்றுக்கொண்டபின் ஊர்க் கிணற்றின் பிடியும் தளர்ந்தது. பழுப்புப் பியரில் பெருமை கொண்ட மியூனிக்கே 1894இல் ஸ்பாட்டன் ஆலையின் வழியாக வெளிறிய பியரை வெளியிட்டது. உள்ளூர் ஆலை முதலாளிகள் சிலர் அதை எதிர்த்தும் பயனில்லை. எல்லோரும் 'பில்சனர்' என்று பெயரிட்டு விற்றதால், பில்சன் ஆலை 1898இல் தன் பியருக்கு 'மூல ஊற்று' என்று பொருள்படும் உர்க்வெல் என்ற பெயரைப் பதிவு செய்துகொண்டது.

விளைவு மற்ற வகைகளுக்குக் கேடாக முடிந்தது. அமெரிக்காவில் 1873இல் 4,000க்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்தன. 1920 முதல் 1933 வரை நடந்த மதுவிலக்கும் பின்வந்த நிறுவன இணைப்புகளும் சேர்ந்து, 1970களின் இறுதியில் அவை நூற்றுக்கும் கீழே குறைந்தன. எஞ்சியவை பெரும்பாலும் ஒரே மாதிரியான மெல்லிய லாகரையே செய்தன. இங்கிலாந்தில் போர்ட்டர் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வழக்கொழிந்தது. எந்தத் தொழிலாளர்களின் பெயரைத் தாங்கி நின்றதோ, அவர்களின் பேரர்களுக்கே அது தெரியாத பானமாயிற்று.

விருப்பம் திரும்பி வந்த விதம்

எதிர்ப்பு குடிப்பவர்களிடமிருந்து வந்தது. 1971இல் நால்வர் சேர்ந்து தொடங்கிய காம்ரா என்னும் ஆங்கிலேய நுகர்வோர் அமைப்பு, பீப்பாயிலேயே பக்குவமடையும் பழைய ஏல் பியரைக் காக்கப் போராடியது. அமெரிக்காவில் வீட்டில் பியர் செய்துகொள்ள அனுமதிக்கும் சட்டத்தில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். வீட்டுச் சமையலறையில் கற்றுக்கொண்டவர்கள் பின்னர் சிற்றாலைகளைத் தொடங்கினார்கள்.

ஆனால் விருப்பத்தைச் சொல்ல முதலில் சொற்கள் வேண்டும். அவற்றைத் தந்தவர் ஆங்கிலேய இதழாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர்). 1977இல் வெளிவந்த அவரது உலக பியர் வழிகாட்டி நூல், உலகின் பியர்களை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் ஊரோடும் வரலாற்றோடும் சேர்த்து விளக்கியது. இன்று 'பியர் வகை' என்று பேசப்படும் பகுப்பு பெரும்பாலும் அவரிடமிருந்து வளர்ந்தது. பிற்காலத்துப் போட்டிகளில் நூற்றுக்கு மேல் வகைகளைப் பட்டியலிடுவது அவர் நோக்கத்தைத் தாண்டிய பழக்கம் எனலாம்.

ஜாக்சன் மிகவும் பாராட்டிய பியர்களுள் ஒன்று இலங்கையின் லயன் ஸ்டவுட். ஆங்கிலேயத் தோட்டத்துரைமாரின் காலத்தில் நுவரெலியா மலைநகரில் தோன்றிய ஆலையின் பியர் அது. லண்டன் கைவிட்ட கரிய பியரின் வலிமையான உறவினம், வெப்ப நாடொன்றின் குளிர்ந்த மலைச்சரிவில் விடாமல் காய்ச்சப்பட்டு வந்ததை அவர் எழுத்தின் மூலமே மேலைநாட்டு வாசகர் பலர் அறிந்தனர். அந்த ஆலை பின்னர் கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு இடம் மாறியது. மலை ஊற்றுத் தண்ணீர் இல்லாமலே அந்த ஸ்டவுட் இன்றும் அங்கே தயாராகிறது.