ஏப்ரல் 14-உம் ஏற்றாத சிவப்புக் கொடியும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஏப்ரல் 14 என்றால் நமக்குச் சித்திரைப் புத்தாண்டும் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளும் நினைவுக்கு வரும். அதே நாளில்தான் நாடு முழுவதும் தீயணைப்பு நிலையங்களில், பணியின்போது உயிர்விட்ட வீரர்களுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். அன்று தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். பள்ளிகளுக்கு வந்து, சிலிண்டரில் தீப்பிடித்தால் ஈரச் சாக்கைப் போட்டு எப்படி அணைப்பது என்று செய்து காட்டுவார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் ஏன் ஏப்ரல் 14 என்று கேட்டால் ஆசிரியர்களிலேயே பலர் விழிப்பார்கள். நம் பாடப்புத்தகங்களும் அதைச் சொன்னதில்லை.

1944. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 'ஃபோர்ட் ஸ்டிக்கைன்' என்ற சரக்குக் கப்பல் பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறைமுகத்தில் புறப்பட்டு, கராச்சி வழியாக ஏப்ரல் 12 அன்று பம்பாய் வந்து விக்டோரியா கப்பல்துறையில் நின்றது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள். டார்பிடோ, கண்ணிவெடி, பீரங்கிக் குண்டு எல்லாம் அதில் அடக்கம். போதாததற்குப் பெட்டி பெட்டியாகத் தங்கக் கட்டிகள். கராச்சியில் பஞ்சுப் பொதிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் வேறு ஏற்றினார்கள். பஞ்சின் மேல் வெடிபொருள்! நம் வீட்டில் வைக்கோல் போர் மீது பட்டாசு மூட்டையை வைப்போமா? போர்க்காலத்தில் கப்பலில் இடம் கிடைப்பதே பெரிது என்பதால் வைத்தார்கள்.

வந்து 48 மணி நேரம் ஆகியும் வெடிபொருள் முழுவதும் இறங்கவில்லை. 14-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணி வாக்கில் இரண்டாம் எண் சரக்கறையிலிருந்து புகை வருவதைப் பார்த்தார்கள். தீயணைப்பு வண்டிகளும் தீயணைப்புப் படகுகளும் வந்தன. 900 டன்னுக்கு மேல் தண்ணீரை உள்ளே இறைத்தார்கள். புகை மூட்டத்தில் தீயின் மூலம் எது என்றே தெரியவில்லை. இறைத்த தண்ணீர் கொதித்தது. 3.50-க்குக் கப்பலை விட்டு இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. 4.06-க்கு முதல் வெடிப்பு. கப்பல் இரண்டாகப் பிளந்தது. 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த வீடுகளில்கூட ஜன்னல் கண்ணாடி உடைந்தது. அரை மணி நேரத்தில் இரண்டாவது வெடிப்பு. சுமார் 1,700 கிலோமீட்டருக்கு அப்பால் சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவி அந்த அதிர்வைப் பதிவு செய்தது. எரியும் பஞ்சுப் பொதிகள் வானத்திலிருந்து குடிசைகள் மேல் விழுந்தன. இறந்தவர்கள் 800-லிருந்து 1,300 வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன. கடைசி நிமிடம் வரை குழாயைப் பிடித்து நின்றவர்களில் 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். தணிக்கை காரணமாக நம் பத்திரிகைகளில் மே மாதம்தான் செய்தி வந்தது. அதற்குள் ஜப்பானியர் வசம் இருந்த சைகோன் வானொலி மறுநாளே உலகத்துக்குச் சொல்லிவிட்டது!

பிறகு விசாரணை நடந்தது. அது சுட்டிய தவறுகளைப் பாருங்கள். வெடிபொருளுக்குக் கீழே பஞ்சை வைத்தது. இறக்கத் தாமதித்தது. தீயணைப்புப் படைக்குத் தகவல் சொல்லத் தாமதித்தது. சரக்கறைக்குள் நீராவியைச் செலுத்தித் தீயை அமுக்காதது. இவற்றோடு இன்னொன்று: ஆபத்தான சரக்கு இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியைக் கப்பல் ஏற்றவில்லை. ஒரு முழம் துணி! எட்ட நின்று பார்த்து, "இது சாதாரணத் தீ இல்லை" என்று வந்தவர்கள் அறிந்துகொள்ள இருந்த ஒரே அடையாளம் அது. என்னைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலில் மிகப் பெரிய குற்றம் அதுதான். மற்றத் தவறுகளுக்கு அவசரம், பதற்றம் என்று காரணம் சொல்லலாம். கொடி ஏற்ற இரண்டு நாள் அவகாசம் இருந்ததே.

"நீராவி விட்டிருந்தால் போதுமே" என்று சிலர் நினைக்கலாம். மூன்றே ஆண்டுகளில் அதற்கும் பதில் கிடைத்தது. 1947 ஏப்ரல் 16, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகம். 'கிராண்ட்கேம்ப்' என்ற கப்பலில் இரண்டாயிரம் டன்னுக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட். வயலுக்குப் போடும் உரம்தான். காலை எட்டு மணி வாக்கில் புகை. சரக்கு நனைந்து கெடக்கூடாது என்று சரக்கறையை மூடி நீராவி செலுத்தினார்கள். பம்பாயில் செய்யாமல் விட்டதாகக் குறை சொல்லப்பட்ட அதே வேலை. ஆனால் இந்த உப்பு எரிவதற்குத் தேவையான ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. காற்றை அடைத்துப் பயனில்லை. நீராவி சூட்டைத்தான் கூட்டியது. புகை வினோதமான நிறத்தில் இருந்ததால் ஊர் மக்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். 9.12-க்கு வெடித்தது. அந்த ஊரின் 28 தன்னார்வத் தீயணைப்பு வீரர்களில் 27 பேர் அங்கேயே போனார்கள். மொத்தம் 580 பேருக்கு மேல் பலி.

ஆக, எரிவது என்ன என்று தெரியாமல் எந்த வைத்தியமும் சரியா தவறா என்று சொல்ல முடியாது. கார்பைடு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். தீயை அணைக்கப் போனவரே தீக்கு விறகு போட்டதுபோல் ஆகிவிடும்.

இதற்காகத்தான் ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 1950-களில் ஒவ்வோர் அபாயப் பொருளுக்கும் நான்கு இலக்க எண் கொடுக்கத் தொடங்கியது. பெட்ரோலுக்கு 1203, சமையல் எரிவாயுவுக்கு 1075, குளோரினுக்கு 1017, கார்பைடுக்கு 1402. நெடுஞ்சாலையில் டேங்கர் லாரியின் பின்னாலும் பக்கவாட்டிலும் ஆரஞ்சு நிறப் பலகை பார்த்திருப்பீர்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது கட்டாயம். பலகையில் அந்த எண்ணும், பொருளின் பெயரும், அவசரத் தொலைபேசி எண்ணும் இருக்கும். கூடவே '3ஒய்இ' போல ஆங்கில எழுத்து கலந்த ஒரு குறியீடும் இருக்கும். இது 1970-களில் லண்டன் தீயணைப்புப் படையில் பிறந்த முறை. முதல் இலக்கம் 2 என்றால் தண்ணீரைப் பனிபோல் தூவு. 3 என்றால் நுரை. 4 என்றால் தண்ணீரே ஆகாது, உலர்ந்த பொருள்தான். கடைசியில் ஆங்கில 'இ' இருந்தால் சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவது பற்றி யோசி என்று பொருள். முதலில் போய்ச் சேரும் வீரர் வேதியியல் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. காற்றடிக்கும் பக்கமாக எட்ட நின்று, பலகையைப் படித்து, கூட்டத்தை விலக்கி, தெரிந்தவர்களை அழைத்தால் போதும். நாமும் டேங்கர் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தால் வீடியோ எடுக்க அருகே போகாமல், தூரத்திலிருந்து அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்து 101-லோ 112-லோ சொல்லலாம். பலகையில் புழுதி அப்பி எண் தெரியாத லாரிகளும் ஓடத்தான் செய்கின்றன.

கொடி ஏற்றாத கதை 1944-ஓடு முடிந்துவிடவில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் தீ என்று அழைப்பு வந்து, பத்துப் பேர் போனார்கள். அவர்களில் ஒருவர் இளம் பெண் மருத்துவ உதவியாளர். உள்ளே பல ஆண்டுகளாக 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடப்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஒருவரும் திரும்பவில்லை. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் நம் சென்னையிலும் பேச்சு எழுந்தது. சுங்கத்துறை 2015-இல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அதே உப்பு, மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் ஐந்து ஆண்டுகளாக இருந்தது. அந்த மாதமே லாரிகளில் ஏற்றி ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள்.