கடல் கொண்ட கற்பனை அரசு

உலக வரலாற்றில் வீழ்ந்த அரசுகள் பல. பாபிலோன் அழிந்தது, உரோமப் பேரரசு சிதைந்தது, நம் நாட்டிலே 1565-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் விஜயநகரம் பாழாயிற்று. இவற்றின் இடிபாடுகளை இன்றும் நாம் கண்ணாற் காணலாம். ஆனால், ஒரு செங்கல்லையேனும் விட்டுச் செல்லாத அரசு ஒன்று உண்டு. அதன் பெயர் அட்லாண்டிஸ். அது மண்ணில் எழுந்த அரசன்று. கிரேக்க ஞானியாகிய பிளேட்டோவின் உள்ளத்தில் எழுந்தது. எனினும், அவ்வரசின் வரலாற்றையும் சமுதாய அமைப்பையும் ஆராய்வது வீண் முயற்சியாகாது. மெய்யான அரசுகள் எவ்வாறு வீழ்கின்றன என்பதை விளக்குவதற்காகவே அக்கற்பனை அரசு படைக்கப்பட்டது.

கி. மு. 360-ஐ ஒட்டிப் பிளேட்டோ இயற்றிய ‘டிமேயஸ்’, ‘கிரிட்டியாஸ்’ என்னும் இரண்டு உரையாடல்களே இக்கதைக்கு மூலம். அவற்றிலே கிரிட்டியாஸ் என்பவர் கதையைச் சொல்கிறார். தமக்குப் பத்து வயதாயிருந்தபோது, தொண்ணூறு வயதை நெருங்கிய தம் பாட்டனாரிடம் இதைக் கேட்டாராம். அக்குடும்பத்தாருக்கு இதனைக் கூறியவர், ஏதென்ஸின் சட்டங்களை வகுத்த ஸோலன். ஸோலனுக்குக் கூறியவர், எகிப்து நாட்டில் ஸாயிஸ் என்னும் நகரத்துக் கோயிற் குருக்கள். நிகழ்ச்சியோ அதற்கும் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்கிறார்கள். கேட்டவர் வாயிலாகக் கேட்டவர் என்று இத்தனை படிகளை அமைத்த ஆசிரியரின் நகைச்சுவை உணர்வை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது.

இன்று ஜிப்ரால்டர் ஜலசந்தி என்று நாம் வழங்கும் வாயிலுக்கு அப்பால், பெருங்கடலில் இருந்தது அத்தீவு. கடல் தெய்வமாகிய பொஸைடன், கிளெய்டோ என்னும் மங்கையை மணந்து, ஐந்து முறை இரட்டையராகப் பத்து ஆண்மக்களைப் பெற்றான். மூத்தவன் அட்லஸ், அவன் பெயராலேயே தீவும் பெயர் பெற்றது. பத்துப் பேரும் நாட்டைப் பகுத்துக்கொண்டு ஆண்டனர். தலைநகரின் நடுவே ஒரு மேடு; அதைச் சுற்றி நீர் வளையங்கள் மூன்று, நில வளையங்கள் இரண்டு. புற மதிலுக்கு வெண்கலப் பூச்சு, அடுத்ததற்கு வெள்ளீயம், உள் மதிலுக்குத் தீயென ஒளிரும் ஓரிகால்கம் என்ற உலோகம். கோயிலின் கூரை தந்தத்தால் இழைக்கப்பட்டிருந்தது. வெந்நீர் ஊற்றும் தண்ணீர் ஊற்றும் அருகருகே சுரந்தன. அரசருக்கும், குடிகளுக்கும், மகளிருக்கும், குதிரைகளுக்குங்கூடத் தனித்தனிக் குளியல் துறைகள் இருந்தன.

நகருக்கு வெளியே பரந்த சமவெளியைப் பற்றிப் பிளேட்டோ தரும் கணக்குகள் சுவையானவை. அவர் கையாளும் அளவு ‘ஸ்டேடியம்’. அது ஏறக்குறைய 600 அடி. சமவெளியின் நீளம் 3,000 ஸ்டேடியம், அகலம் 2,000. அதைச் சுற்றி வெட்டிய கால்வாயின் நீளம் 10,000 ஸ்டேடியம், அதாவது 1,100 மைலுக்கு மேல். நிலம் 60,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பங்கும் பத்துக்குப் பத்து ஸ்டேடியம். பெருக்கிப் பாருங்கள், மிச்சமின்றிச் சரியாக வரும். பங்கு ஒன்றுக்குத் தேரில் ஆறில் ஒரு பகுதியைப் படைக்கு அளிக்க வேண்டும். ஆகவே தேர்கள் 10,000. பங்குக்கு நான்கு மாலுமிகள். ஆகவே மாலுமிகள் 2,40,000. கப்பல்கள் 1,200, கப்பலுக்கு 200 பேர் வீதம் கணக்கு மறுபடியும் பிசகாமல் பொருந்துகிறது. அக்காலக் கிரேக்கப் போர்க்கப்பலில் 200 பேரே இருப்பது வழக்கம். அரசாங்க ஏடுகளைப் படித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் புன்முறுவல் செய்வார்கள். மெய்யான நாட்டின் நிலக்கணக்கிலே தரிசு இருக்கும், தாவா இருக்கும், நிலுவை இருக்கும். எங்கும் பிசகாத கணக்கு, கற்பனை நாட்டில்தான் கிடைக்கும்.

இனி, ஆட்சி முறையைப் பார்ப்போம். ஐந்தாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் மாறி மாறிப் பத்து அரசரும் பொஸைடன் கோயிலிலே கூடுவர். அங்கே உலாவும் காளைகளுள் ஒன்றை, இரும்பு ஆயுதமின்றித் தடியும் சுருக்குக் கயிறுமே கொண்டு பிடிப்பர். சட்டங்கள் பொறிக்கப்பட்ட ஓரிகால்கத் தூணின்மீது அதைப் பலியிடுவர். இருள் சூழ்ந்து வேள்வித் தீ தணிந்த பின்னர், கருநீல உடையணிந்து, விளக்குகளை அவித்துவிட்டு, ஒருவர்மீது ஒருவர் கூறும் குறைகளை விசாரித்துத் தீர்ப்பளிப்பர். விடிந்ததும் தீர்ப்பைப் பொன்னேட்டில் பொறித்து வைப்பர்.

இத்துணைச் சிறப்போடு காக்கப்பட்ட சட்டங்கள் எவை? ஓர் அரசன் மற்றோர் அரசன்மேல் படையெடுக்கலாகாது. அரச குலத்தைக் கவிழ்க்க எவரேனும் முயன்றால் அனைவரும் உதவிக்கு வரவேண்டும். பதின்மருள் பெரும்பான்மையோர் இசையாமல் அரசன் தன் உறவினன் எவனையும் கொல்லலாகாது. முதன்மையானவை என்று பிளேட்டோ எடுத்துக் கூறுபவை இவையே. தன் பகுதிக்குள் ஒவ்வோர் அரசனும் தான் விரும்பியவரைத் தண்டிக்கலாம், உயிரையும் வாங்கலாம். அரசரை அரசரிடமிருந்து காக்கச் சட்டம் இருந்தது. குடிகளை அரசரிடமிருந்து காக்கும் சட்டம் எதையும் பிளேட்டோ குறிப்பிடவில்லை. அரசரின் நற்குணம் ஒன்றே குடிகளுக்குக் காவல்.

அந்தக் காவல் நெடுங்காலம் நின்றது. பொன்னையும் பொருளையும் சுமையாகவே கருதி அரசர் வாழ்ந்தனர். தலைமுறைகள் செல்லச் செல்ல, அவர்களிடமிருந்த தெய்வக்கூறு தேய்ந்து மனிதக்கூறு மிகுந்தது. பேராசையும் ஆதிக்க வெறியும் தலைதூக்கின. பார்க்கத் தெரியாதவர்களுக்கு அப்போதுதான் அவர்கள் மிகுந்த சீரோடு விளங்குவதாகத் தோன்றிற்று. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அவர்களுடைய இழிவு புலனாயிற்று. அட்லாண்டிஸ் ஐரோப்பாமீதும் ஆசியாமீதும் படையெடுத்தது. எளிய வாழ்வும் கட்டுப்பாடும் உடைய பழைய ஏதென்ஸ், துணைவர் கைவிட்ட பின்னும் தனித்து நின்று வென்றது. பின்னர் நிலநடுக்கமும் வெள்ளமும் வந்தன. ஒரே பகல், ஒரே இரவில் தீவு கடலுள் மறைந்தது. ஏதென்ஸின் வீரர்களையும் நிலம் விழுங்கியது. தேவர்களைக் கூட்டித் தேவர்கோன் பேசத் தொடங்கும் இடத்தில், ‘கிரிட்டியாஸ்’ பாதி வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறது.

இக்கதை யாருக்காகச் சொல்லப்பட்டது? கி. மு. 480-இல் ஸலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வெல்ல முன்னின்ற ஏதென்ஸ், அவ்வெற்றியின் பயனாகத் தானே ஒரு கடற்பேரரசாயிற்று. துணைவராய் இருந்தவரிடம் திறை வாங்கிற்று. கி. மு. 415-இல் ஸிஸிலித் தீவின்மேல் பெரும்படையை அனுப்பி, இரண்டே ஆண்டில் அதை முற்றும் இழந்தது. கி. மு. 404-இல் ஸ்பார்ட்டாவுக்குப் பணிந்தது. அப்போது பிளேட்டோ இருபது வயதைக் கடந்த இளைஞர். கப்பலும் துறைமுகமும் செல்வமும் நிறைந்த அட்லாண்டிஸ், அவர் கண்ணாற் கண்ட ஏதென்ஸேயன்றி வேறன்று எனப் பல அறிஞர் கருதுகின்றனர். கதையில் மோதுபவை ஏதென்ஸும் அட்லாண்டிஸும். கருத்தில் மோதுபவை, ஏதென்ஸ் இருந்திருக்க வேண்டிய நிலையும் அது அடைந்துவிட்ட நிலையும். கி. மு. 373-இல் ஹெலிக்கே என்ற கிரேக்க நகரம் நிலநடுக்கத்தாலும் கடற்பெருக்காலும் ஓர் இரவில் அழிந்த செய்தியும் அவர் அறிந்ததாகவே இருக்கும்.

பின்வந்தோர் படிப்பினையை விட்டுவிட்டுத் தீவைத் தேடலாயினர். 1882-இல் அமெரிக்கரான இக்னேஷியஸ் டானலி எழுதிய நூல், நாகரிகங்கள் யாவும் அட்லாண்டிஸிலிருந்தே தோன்றின என்று வாதித்தது. தமிழராகிய நமக்கும் கடல்கோள் என்னும் செய்தி புதிதன்று. 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியல் அறிஞர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட உயிரின ஒற்றுமையை விளக்குவதற்காக ‘லெமூரியா’ என்னும் கண்டத்தை ஊகித்தார். பிற்காலத்தில் அது நம் இலக்கியம் கூறும் குமரி நாட்டோடு சேர்த்துப் பேசப்பட்டது. கண்டங்கள் நகர்கின்றன என்னும் உண்மை 1960-களில் உறுதிப்பட்ட பின், மூழ்கிய கண்டங்களைக் கொண்டு எதையும் விளக்க வேண்டிய தேவை அறிவியலுக்கு இல்லாது போயிற்று. கடற்கரை ஊர்களைக் கடல் கொள்வது உண்மை; ஒரு கண்டத்தையே ஓர் இரவில் கொண்டது என்பது கதை.

கதை என்று தெரிவதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. கடல் வந்ததனால் அட்லாண்டிஸ் வீழவில்லை. வீழ்ந்த பிறகே கடல் வந்தது. தூணிலே பொறித்த சட்டம் இறுதிவரை அழியாமலே இருந்தது. அதைக் காக்க வேண்டியவர்களின் உள்ளத்திலே அது அழிந்துபோயிற்று. ஆள்வோரின் நற்குணத்தை மட்டுமே நம்பியிருந்த குடிகளுக்கு, அது குன்றியபோது முறையிட ஓரிடமும் இல்லை. இதனை அறிந்துகொள்வதற்குக் கடலில் மூழ்கித் தேட வேண்டியதில்லை. பிளேட்டோ அதனை நம் கண்ணெதிரேதான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.